சேதுராமன் வாத்தியாரின் எடுத்துக்காட்டு

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் சேதுராமன் வாத்தியாருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, அவருடைய ஆங்கிலம். இன்னொன்று, அந்த ஆங்கிலத்தை அவர் சொல்லிக்கொடுத்த விதம். முதலாவதை ஜப்பான்காரன் வந்து பிடுங்கிக்கொண்டான். இரண்டாவதை எவனாலும் பிடுங்க முடியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

சண்டைக்கு முன்பு அவர் மலாக்கா டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் வேலை பார்த்தார். நெடுநெடுவென்ற உடம்பு, கஞ்சி போட்ட சட்டை. எதைச் சொன்னாலும் எதிராளிக்குப் புரிந்ததா என்று புருவத்தைத் தூக்கிப் பார்ப்பார். கடையில் உப்பு கேட்டால்கூட அப்படித்தான் பார்ப்பார். இலக்கணப் புத்தகத்தில் அச்சடித்த வாக்கியங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. 'ஜான் மேசைமேல் புத்தகங்களை அடுக்கினான்' என்று படித்தால் முகத்தைச் சுளிப்பார். எந்த ஜான்? யார் வீட்டு மேசை? செத்த வாக்கியம் என்பார். எடுத்துக்காட்டு என்றால் அதற்கு உயிர் இருக்க வேண்டும், கேட்பவன் தலையைத் திருப்பினால் அந்த ஆள் அங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய வகுப்பில் வாக்கியங்களுக்குள் ஊரே வந்து போகும். ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயில் வாசலில் பூக்கட்டும் மல்லிகா தன் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நாள் எடுத்துக்காட்டுச் சொன்னார். அது மல்லிகாவின் காதுக்குப் போய், அவள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று வாத்தியாரைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுப் போனாள். அப்போதும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை. "பாத்தியா, அந்த வாக்கியத்த இனிமே எவனாச்சும் மறப்பானா?" என்று மனைவி ருக்மணியிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலம் எதிரியின் மொழி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பாட்டுதான் கேட்டது. வாத்தியார் வீட்டுக் கொல்லையில் மரவள்ளி நட்டார். காலையில் மரவள்ளிக் கஞ்சி, மதியம் மரவள்ளி அவியல், ராத்திரி மறுபடி அதன் மாவில் ஒரு களி. நாளாக ஆக, அவர்களுடைய ஒரே மகள் சீதாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. கொஞ்ச நாளில் குழந்தையால் எழுந்து நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். மருந்து எதுவும் கிடையாது, தவிடு போகாத கைக்குத்தல் அரிசி கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி முழுக்க ஜப்பான்காரன் கையில் இருந்த காலத்தில் அது வானத்து நிலாவைக் கேட்கிற மாதிரிதான்.

நிலாவைக் கொண்டுவந்து கொடுத்தவர் கபீர் பாய். வாத்தியார் வீட்டுக்குப் பின்வீடு. மாட்டுவண்டி வைத்து விறகு விற்கிற மனிதர். அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரம் வெட்டிப் போடுவதை வாங்கி டவுனுக்குக் கொண்டுவருவார். மண்ணெண்ணெய் இல்லாத காலம், விறகுக்கு நல்ல கிராக்கி. வண்டி போகிற வழியில்தான் மலாய்க்காரர்களின் நெல்வயல்கள். அவர்களிடம் நெல் இருந்தது, உடுத்தத் துணி இல்லை. காஜா பெராங்கில் பழைய சேலை, சாரோங் கைலி இருந்தது, சோறு இல்லை. கபீர் பாய் இங்கிருந்து துணியைக் கொண்டுபோய் அங்கிருந்து அரிசியைக் கொண்டுவந்தார். கைக்குழந்தைக்காரிகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் முதலில் கொடுப்பார். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியின் குடும்பங்களுக்கும் கொடுத்தார். அவர்கள் பேச்செல்லாம் மலாய், சாமியெல்லாம் நம் சாமி, பசி மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷை.

அரிசியை அவர் கொண்டுவந்த விதம் தனி. விறகை வண்டியில் வாரிக் கொட்டினால் நடுவில் பொந்து நிற்காது. அதனால் கபீர் பாய் ஒரே நீளமாகத் தறித்த துண்டுகளாகப் பார்த்து எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் வைக்கிற மாதிரி வைத்துக் கட்டுவார். வெளியே பார்த்தால் வெட்டுமுகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் வட்ட வட்டமாகத் தெரியும். உள்ளே ஒரு சிறிய அறை மாதிரி வெற்றிடம். அதற்குள் மூட்டைகள். ஒருமுறை சாயங்காலத்தில் அவர் கொல்லையில் விறகை இறக்கும்போது வாத்தியார் கூடமாட நின்று பார்த்தார். "வெறகு வண்டியா பாய் இது? வீடு கட்டியிருக்கீங்க!" என்று வியந்தார். கபீர் பாய்க்கு வாயெல்லாம் பல்.

சீதாவின் கால் வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு சுவரை விட்டாள். ருக்மணி தன் கல்யாணச் சேலையைக் கூடக் கபீர் பாயிடம் கொடுக்கப் போனாள். அவர் அதை மட்டும் வாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வாத்தியாருக்கு ஒகாவாவின் அழைப்பு வந்தது. ஒகாவா இளவயது அதிகாரி. அரிசிக் கடத்தலைப் பிடிப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். காஜா பெராங் சாலையில் ஒரு சீனத் தவுக்கேயின், பெரிய வியாபாரியின், மாடிவீட்டைப் பிடுங்கி அதில் குடியிருந்தான். வெளியே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் கன்னத்தில் அறைகிற அரசாங்கத்தின் ஆள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டான். தன் ஊரில் காலேஜில் பாதி படித்தானாம், மீதியை முடிக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்ல யாருக்குத் தைரியம்? பயந்துகொண்டுதான் வாத்தியார் போனார். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பிலேயே பயம் போய்விட்டது. வெகு நாளைக்குப் பிறகு ஒருவன் அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்டான், 'சென்செய்' என்று ஆசான் பட்டம் கொடுத்துக் கும்பிட்டான், போகும்போது ஒரு துண்டு சோப்பும் கொடுத்தான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மதியம் பாடம் 'அரேஞ்ச்' என்ற வினைச்சொல்லில் வந்து நின்றது. வாத்தியாருக்குப் பிடித்த சொல் அது. எழுந்து நின்று, கையை ஆட்டி விளக்கினார். "எங்கள் தமிழில் பொருளை அடுக்குவோம், கல்யாணத்தை ஏற்பாடு செய்வோம். இரண்டுக்கும் இரண்டு சொல். ஆங்கிலக்காரன் சிக்கனக்காரன். புத்தகத்தை வரிசையாக வைத்தாலும் அரேஞ்ச், நாளைக்குச் சந்திப்பதாகப் பேசி முடித்தாலும் அரேஞ்ச்." ஒருவர் ஒரு காரியத்தைச் செய்ய வழிபண்ணிக் கொடுத்தால் கூடவே 'ஃபார்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஒகாவா அந்த 'ஃபார்' விஷயத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தப்பு விட்டான்.

"வைத்தல், குவித்தல், அரேஞ்ச் செய்தல். என்ன வித்தியாசம்?" என்று கேட்டான் ஒகாவா. இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள்.

"நல்ல கேள்வி. குவிப்பதற்குக் கை போதும். அரேஞ்ச் செய்யக் கைக்கு முன்னால் மனம் வேலை செய்திருக்க வேண்டும். ஒரு நோக்கத்தோடு, இது இங்கே, அது அங்கே என்று யோசித்து வைத்தால்தான் அது அரேஞ்ச். நோக்கம் இல்லாவிட்டால் அது வெறும் குவியல்."

ஒகாவா யோசித்து, "என் அம்மா பூக்களை அரேஞ்ச் செய்கிறாள்" என்றான்.

"மிகச் சரி. உயிருள்ள வாக்கியம்."

"இப்போது நீங்கள் ஒன்று சொல்லுங்கள், சென்செய். இந்த ஊர் வாக்கியமாக."

மாணவன் தன் அம்மாவையே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். வாத்தியார் ஜானையும் மேசையையும் சொல்வாரா? ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்தார். கபீர் பாயின் வண்டி கடகடவென்று வந்துகொண்டிருந்தது. மேலே விறகு, வெட்டுமுகம் எல்லாம் ஒரே மட்டம். வாக்கியம் தானாகவே வாயில் வந்து நின்றது.

"அதோ பாருங்கள். என் அண்டைவீட்டுக்காரர் தம் விறகை எவ்வளவு அழகாக அரேஞ்ச் செய்திருக்கிறார்!"

சொல்லிவிட்டு, புரிந்ததா என்று புருவத்தை வேறு தூக்கினார். ஒகாவா எழுந்து வந்து ஜன்னலில் நின்றான். வண்டி முனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழகு" என்றான். பிறகு, "நோக்கம் இல்லாமல் அரேஞ்ச் இல்லை என்றீர்கள். எரிக்கப்போகிற விறகுக்கு என்ன நோக்கம்?" என்று கேட்டான்.

எதைக் காட்டிவிட்டோம் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. "அவர் எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்ப்பவர். பழக்கதோஷம்" என்று எப்படியோ சொன்னார். ஒகாவா தலையாட்டினான். அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்றான். அடுத்த சொல் என்ன என்பதை வாத்தியாரால் கடைசிவரை ஞாபகப்படுத்திக்கொள்ளவே முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் தமக்குத் தாமே வக்கீலாகி வாதாடினார். அவன் அம்மா பூ அடுக்குகிறவள், அழகைப் பார்த்தான், அவ்வளவுதான். அண்டைவீட்டுக்காரர் என்று சொன்னேனே தவிரப் பெயரைச் சொன்னேனா? சின்னப் பயல், நாளைக்கே மறந்துவிடுவான். வீடு வந்து சேருவதற்குள் பாதி நம்பியும்விட்டார். மீதிப் பாதிதான் அவரைக் கபீர் பாயின் கொல்லைக்குக் கூட்டிப்போனது.

கபீர் பாய் அச்சாணிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி ஆயிஷா வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் குடித்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாய், கொஞ்ச நாளைக்கு அரிசி ஏற்றாதீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று கேட்பாரே? அந்தத் தொரைக்கு என் வண்டியை ஏன் காட்டினீர்கள் என்று கேட்டால், நல்ல எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது என்றா சொல்வது? அது ஒரு வெட்கம். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது, அதை அவர் கண்ணெடுத்துப் பார்க்கவே பயந்தார். வண்டி நின்றால் சீதாவின் அரிசி நின்றுவிடும்.

"கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க பாய். காலம் சரியில்ல" என்றார்.

"காலம் எப்ப சார் சரியா இருந்துச்சு?" கபீர் பாய் சிரித்தார். "பாப்பாவுக்கு வீக்கம் வடிஞ்சிருச்சா?"

"வடிஞ்சிருச்சு. ஓடுறா இப்ப."

"அல்ஹம்துலில்லாஹ். அதுக்காக அரிசிய நிப்பாட்டிறாதீங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடுங்க. அடுத்த லோடுல கூடக் கொஞ்சம் கொண்டாறேன்."

வாத்தியார் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த லோடு வீடு வந்து சேரவில்லை. காவல் சாவடியில் வரிசையாக விறகு வண்டிகள் நின்றனவாம். கன்னாபின்னாவென்று வாரிப்போட்ட வண்டிகளை எல்லாம் ஒகாவா கையசைத்துப் போகச்சொன்னானாம். அழகாக அடுக்கிய வண்டியை மட்டும் நிறுத்தி, ஒவ்வொரு கட்டையாக உருவச் சொன்னானாம். கம்போங் செட்டியிலிருந்து ஒரு பெரியவர் தெருவில் ஓடிவந்து, "சிக்கு! கபீர் சுடா கெனா தாங்காப்!" என்று வாத்தியார் வாசலில் கத்தினார். வாத்தியாரே, கபீரைப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாத்தியாருக்கு அதைப் புரிந்துகொள்ள மலாய்கூடத் தேவைப்படவில்லை, பெரியவரின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

ஆயிஷா வந்தாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு படியில் நின்றாள்.

"அண்ணே, அந்தத் தொரைகிட்ட உங்களுக்குப் பழக்கம் இருக்குல்ல? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பான்."

"உள்ள வாம்மா" என்று ருக்மணி அவளை அணைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பி, "போயிட்டு வாங்க. கால்ல விழுந்தாச்சும் கேளுங்க. நம்ம புள்ளைய நடக்கவச்ச மனுசன்" என்றாள்.

வாத்தியார் போனார். உள்ளே நுழைந்ததும் ஒகாவா எழுந்து குனிந்து கும்பிட்டான். முகமெல்லாம் சந்தோஷம்.

"சென்செய், உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எத்தனையோ நாளாக அந்த வண்டி என் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்கிறது. நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்க்கக் கற்றுக்கொடுத்தீர்கள்."

அதுவரையில், வேறு யாராவது காட்டிக்கொடுத்திருக்கலாம் என்ற ஒரு மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டுதான் வாத்தியார் படியேறியிருந்தார். அந்த நூல் அறுந்தது.

"அந்த ஆள் யாருக்கு அரிசி கொடுத்தான் என்று சொல்ல மறுக்கிறான்" என்றான் ஒகாவா. "எவ்வளவு அடித்தாலும் நான்தான் தின்றேன் என்கிறான். ஒரு வண்டி அரிசியையும்! எவ்வளவு பெரிய வயிறு பாருங்கள்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவன் உங்கள் அண்டைவீட்டான். உங்களுக்கு இது தெரியுமா?" என்றான்.

காலில் விழுவதற்கான இடம் அதுதான். நானும் தின்றேன், என் மகள் தின்றாள், ஊர்க் குழந்தைகள் தின்றன, அவரை விடுங்கள் என்று சொல்வதற்கான இடம். வாத்தியாருக்கு அத்தனை ஆங்கிலமும் தெரியும்.

"தெரியாது" என்றார். கூடவே, "அவர் நல்ல மனிதர்" என்று சேர்த்துக்கொண்டார். ஒகாவா அதையும் ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான். போகும்போது வழக்கமான சோப்புத் துண்டைக் கையில் கொடுத்தான். வாத்தியார் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவானோ என்று வாங்கினார், அல்லது கை பழக்கத்தில் நீண்டதா, அவருக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஆயிஷா அதே படியில் உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணே சொன்னான்?"

"பாக்கறேன்னு சொன்னாம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை எடுத்துக் கும்பிட்டாள். சட்டைப்பையில் சோப்பு கனத்தது. அவள் போனதும் ருக்மணி அதை எடுத்தாள். கத்தியால் இரண்டாக வெட்டி, "பாதிய ஆயிஷாவுக்குக் குடுத்துட்டு வரேன். பாவம், வீட்டுல ஒண்ணுமில்ல" என்று பின்பக்கம் போனாள். வாத்தியார் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே.

கபீர் பாய் உள்ளே கிடந்த மாதங்களில் காஜா பெராங் ஒரு புது வாத்தியாரைப் பார்த்தது. ஆயிஷா வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். கோடாலி பிடித்தறியாத கையால் அவளுக்கு விறகு பிளந்து, காலில் போட்டுக்கொண்டு நொண்டினார். தம் வீட்டு மரவள்ளியில் பாதியைத் தோண்டி அங்கே கொண்டுபோய் வைத்தார். வாத்தியாரைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று தெரு பேசியது. ஒவ்வொரு புகழ்ச்சியும் அவருக்கு ஓர் அடி. உள்ளே அடி வாங்குகிறவர் வேறொருவர் என்பதால் அதையும் வலி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

அரிசி நின்றுபோனதில் சீதாவின் காலில் மறுபடி லேசாக வீக்கம் தட்டியது. அவள் தூங்கும்போது அவர் போய் மெல்ல அழுத்திப் பார்ப்பார். பள்ளம் விழுந்து, மெதுவாக மேலே வரும்.

ஒகாவாவுக்குப் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. நிறுத்த முடியுமா? ஆனால் வாத்தியார் இப்போது ஜானையும் மேசையையும் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. ஜான் வந்தான், ஜான் போனான், மேசை பெரியது. ஜன்னல் பக்கமே திரும்புவதில்லை. "சென்செய், உங்கள் வாக்கியங்கள் இப்போதெல்லாம் சப்பென்று இருக்கின்றன" என்று ஒகாவாவே குறைப்பட்டான்.

கடைசியில் ஒகாவாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது. கடைசி வகுப்பு முடிந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல ஆங்கிலத்தில் சொன்னான். தங்கள் அண்டைவீட்டுக்காரர் விடுதலையாவதற்கு நான் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று சொன்னான். 'அரேஞ்ச்', அதன் பின்னால் 'ஃபார்', எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. குருதட்சிணையாம். சொல்லிவிட்டு, வாத்தியாரைப் போலவே புருவத்தைத் தூக்கினான்.

"சரியா, சென்செய்?"

"சரி" என்றார் வாத்தியார். தப்பில்லாத வாக்கியத்தை வேறென்ன சொல்வது?

கபீர் பாய் வந்தார். பாதி உடம்புதான் வந்தது. வலது கை விரல்கள் மடங்கமாட்டாமல் விறைத்து நின்றன. தெருவே அவர் வீட்டில் கூடியது. செட்டிக் குடும்பத்துப் பெண்கள் பலகாரம் என்று எதையோ மரவள்ளியிலேயே செய்து எடுத்துவந்தார்கள். கேட்டவர்களிடம் எல்லாம் கபீர் பாய் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வாத்தியார் பேசித்தான் என்னய விட்டானுங்க. அவரு இல்லன்னா நான் இல்ல." கூட்டம் வாத்தியார் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஆயிஷா ருக்மணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாத்தியார் கூட்டத்தின் நடுவில், பிடிபட்ட திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் கபீர் பாயே நொண்டி நொண்டி வந்தார். இடது கையில் ஒரு துணி முடிச்சு. அலோர் காஜாவிலிருந்து பழைய நெல்காரர் ஒருவர் சேதி கேட்டு, பார்க்க வந்து கொடுத்துவிட்டுப் போன அரிசி. "பாதி எங்களுக்கு, பாதி பாப்பாவுக்கு" என்று ருக்மணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, உலை வைக்க உள்ளே ஓடினாள்.

இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். வாத்தியார் இத்தனை மாதமும் தயார்செய்து வைத்திருந்ததை எல்லாம் திரட்டினார்.

"பாய், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு..."

"தெரியும் சார்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தொர மொத நாளே சொல்லிட்டான். கூட ஒருத்தன் தமிழ்ல பேச வந்திருந்தான். வாத்தியாரு உன் வெறகப் பாத்து அழகுன்னு சொன்னாரு, அதான் ஒன்னயப் புடிச்சேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். கைய ஒடைக்கையிலயும் அதான் சொன்னான்."

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அடிக்கிறப்பல்லாம் உங்க பேரு வாய் வரைக்கும் வந்துச்சு சார். பொய் சொல்லல. வாத்தியாரு வூட்டுலயும்தான் தின்னாங்கன்னு சொல்லிறலாமான்னு இருந்துச்சு. உங்களயும் தூக்கிட்டா பாப்பாவ யாரு பாத்துக்குவா? முழுங்கிட்டேன்."

"அப்புறம் ஏன் பாய் ஊர்ல என்னைய இப்படி..." என்று கேட்டார் வாத்தியார்.

"ஊருக்குத் தெரிஞ்சா உங்க வூட்டுக்கு ஒரு பிடி அரிசி எவன் குடுப்பான்? நீங்க செஞ்சதுக்குப் பாப்பா பட்டினி கெடக்கணுமா?" உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. கபீர் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சிக்கும் சொல்லிறாதீங்க. அது காதுல விழுந்துச்சுன்னா இந்தச் சோறு அதுக்கும் எறங்காது, புள்ளைக்கும் ஊட்டாது. ஆயிஷாவுக்கும் தெரியாது, தெரியவும் வேணாம். ஊரு உங்கள நல்லவருங்குது. அப்படியே இருந்துட்டுப் போங்க."

"என்னைய மன்னிச்சிருங்க பாய்."

கபீர் பாய் மடங்காத கையை முட்டியில் ஊன்றி, சிரமப்பட்டு எழுந்தார். உள்பக்கம் பார்த்து, "வரேன் தங்கச்சி, பாப்பாவுக்கு வயிறாரப் போடு" என்று கலகலப்பாகக் குரல் கொடுத்தார். வாத்தியார் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார். சாப்பிட்டுவிட்டுப் போங்கண்ணே என்று ருக்மணி வாசலுக்கு வந்து கூப்பிட்டது அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நிற்கவில்லை.

சோறு வெந்ததும் ருக்மணி வாத்தியாரையும் உட்காரச் சொன்னாள். இன்றைக்கு நல்ல நாள், நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றாள். எனக்குப் பசியில்லை என்றார். நீங்கள் செய்த புண்ணியம்தான் நமக்குச் சோறாக வந்திருக்கிறது என்று அவள் சொன்னபோது, அவர் அகப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். சீதா வேகவேகமாகச் சாப்பிட்டாள். தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். வாத்தியார் போட்டார்.